‘சும்மா உட்காரு’ என்று சொல்லாதீர்கள்

(பள்ளி மண்டபத்தில் நடந்த முதியோர் தினக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



அக்டோபர் மாதம் 1ஆம் நாளை முதியோர் நாள் என்று ஐக்கிய நாடுகள் சபை 1990ஆம் ஆண்டிலே அறிவித்தது. நம் நாட்டிலும் அந்த நாளிலேதான் முதியவர்களை நினைவு கூர்கிறோம். “பெரியவர்களை மதிப்பது பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் டீச்சர்” என்று தலைமையாசிரியர் என்னைப் பணித்தார். மதிப்போம் என்று பேசுவது சுலபமான காரியம். ஒரு பெரியவரை மேடையிலே ஏற்றி, பொன்னாடை போர்த்தி, கையிலே ஒரு பழக்கூடையைக் கொடுத்து, படம் எடுத்து, மறுபடியும் வீட்டிலே கொண்டுபோய் விட்டுவிடுவோம். அடுத்த அக்டோபர் வரையிலே அவர் நம் நினைவுக்கு வரமாட்டார். அப்படிப்பட்ட பேச்சை இன்றைக்கு நான் பேசப் போவதில்லை. முதலிலே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

என் பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையிலே இறங்கினால், பால் எடுத்துத் தோளிலே காண்டா வாளியோடு ஸ்டோருக்கு வந்து சேர உச்சி வெயில் ஆகிவிடும். இங்கே இருக்கும் பாட்டிமார்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தோளைத் தொட்டுப் பார்த்தாலே அந்தக் காய்ப்பு இன்னும் இருக்கும்.

55 வயதிலே சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு பாட்டி மரம் வெட்டுவதை விட்டார். ஆனால் உட்காரவில்லை. ஆயாக் கொட்டகைக்குப் போனார். மாணவர்களே, ஆயாக் கொட்டகை என்றால் என்னவென்று உங்களில் பல பேருக்குத் தெரியாது. அப்பா அம்மா இரண்டு பேரும் இருட்டிலேயே வேலைக்காட்டுக்குப் போய்விட்டால், கைக்குழந்தையை எங்கே விடுவது? தோட்டத்திலே அதற்கென்று ஒரு கொட்டகை இருக்கும். குறுக்குக் கட்டையிலே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மரம் வெட்ட முடியாத வயதிலே இருக்கும் ஒரு கிழவிதான் அங்கே ஆயா. என் பாட்டி இரண்டு தொட்டில் கயிற்றைக் கையிலே பிடித்துக்கொண்டு, மூன்றாவது கயிற்றைக் கால் விரலிலே மாட்டி ஆட்டுவார். அழுகைச் சத்தத்தைக் கேட்டே “இது மூணாவது லயத்து வீட்டுப் பிள்ளை, பசிக்கு அழுவுது, அது சும்மா வம்புக்கு அழுவுது” என்று சொல்லிவிடுவார். இந்தக் கெடா மாநிலத்திலே எத்தனையோ வக்கீல், டாக்டர், வாத்தியார், லோரிக்காரர் எல்லாரும் ஏதோ ஒரு கிழவியின் கால் விரல் ஆட்டிய தொட்டிலிலே தூங்கியவர்கள்தான்.

பிறகு கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. லயத்து வீடுகள் காலியாயின, கொட்டகையும் மூடப்பட்டது. நாங்கள் சுங்கை பட்டாணியிலே ஒரு தாமானுக்கு, மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தோம். பாட்டியும் கூடவே வந்தார். அங்கேயும் நாலு மணிக்குத்தான் எழுந்தார். எழுந்தவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஆணும் பெண்ணும் பேக்டரி வேலைக்குப் போகிறவர்கள். ஆறு மணிக்கு முன்னாலேயே கம்பெனிப் பஸ் வந்துவிடும். பிள்ளைகள் அரைத் தூக்கத்திலே தனியாகக் கிடப்பார்கள். பாட்டி அந்தப் பிள்ளைகளையெல்லாம் எங்கள் வீட்டு முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, முகம் கழுவி, தலை பின்னி, கோப்பியும் ரொட்டியும் கொடுத்துப் பசியாற வைத்து, பள்ளிப் பஸ்ஸிலே ஏற்றி அனுப்புவார். ஒரு சமயம் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். காசு எதுவும் வாங்கியதில்லை. தீபாவளிக்கு யாராவது ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதையும் அதே பிள்ளைகளுக்கே பிரித்துக் கொடுத்துவிடுவார்.

நான் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷச் சம்பளத்திலே வீட்டுக்குப் புது நாற்காலி, புதுத் திரைச்சீலை எல்லாம் வாங்கிப் போட்டேன். எனக்கு வரன் பார்க்க ஆள் வந்துபோன காலம் அது. காலையிலே கதவைத் திறந்தால் வாசல் நிறையப் பிள்ளைகள், கீழே சிந்திய கோப்பி, சீப்பு, ரிப்பன். எனக்கு வெட்கமாக இருந்தது. டீச்சர் வீடா, ஆயாக் கொட்டகையா என்று யாராவது சிரிப்பார்களே என்று நினைத்தேன். அந்த நினைப்பை மனசுக்குள்ளே மறைத்துக்கொண்டு, பாசமாகப் பேசுவதைப் போல, “பாட்டி, நீ உழைச்சதெல்லாம் போதும். இனிமே சும்மா உட்காரு. நான் சம்பாதிக்கிறேன் இல்ல?” என்று சொன்னேன்.

பாட்டி என்னை ஒரு தடவை பார்த்தார். “சரிம்மா” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்கு எழும் பழக்கம் மட்டும் போகவில்லை. எழுந்து விளக்குக்கூடப் போடாமல் அந்தப் புது நாற்காலியிலே இருட்டிலே உட்கார்ந்திருப்பார். டெலிவிஷனைப் போட்டுக் கொடுத்தேன், அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போவார். எந்தப் பிள்ளைக்கு என்றைக்குப் பரீட்சை, எவனுக்குப் பல் விழுந்தது என்றெல்லாம் விரல் நுனியிலே வைத்திருந்தவர், ஒரே நாளிலே மூன்று தடவை “இன்னைக்கு என்ன கிழமைம்மா?” என்று கேட்கத் தொடங்கினார். கண்ணிலே புரை விழுந்திருந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டார் போலும். பதினாலு மாசத்திலே போய்விட்டார். நான் உட்கார வைத்ததனாலேதான் போனார் என்று சொல்லமாட்டேன். அவருக்கு வயது 77, இருதயமும் சரியில்லை. ஆனாலும் அந்தப் பதினாலு மாசத்தை நான் அவருக்கு எப்படிக் கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எதிர் வீட்டுப் பெண் வந்திருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “பாட்டி இனிமே பிள்ளைங்களப் பார்க்க முடியாதுன்னு சொன்ன மாசமே நான் பேக்டரி வேலைய விட்டுட்டேன் டீச்சர். வேற யாரை நம்பி விடறது?” அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள். ஒரு கிழவியை நாற்காலியிலே உட்கார வைத்ததிலே எதிர் வீட்டுச் சம்பளம் ஒன்று நின்றுபோயிருக்கிறது. அடுத்த வீட்டிலே இருந்த டீச்சருக்கு அது தெரியவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வயதான பிறகும் பிறருக்காக வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பத்திரிகையிலே செய்தி வந்தால் கத்தரித்து ஒரு கோப்பிலே வைத்துக்கொள்வேன். அந்தக் கோப்பிலிருந்து மூன்று பேரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாமவர் நம் நாட்டிலே வாழ்ந்து மறைந்தவர். மதர் மங்களம் என்றால் கோலாலம்பூர்ப் பக்கத்திலே தெரியாதவர்கள் குறைவு. 1926ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலே பிறந்தவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் நம் நாடு முழுவதும் அநாதையாகத் திரிந்தார்கள் அல்லவா? தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத தகப்பன்மார்கள் எத்தனை பேர்! அந்தக் காலத்திலே சுவாமி சத்தியானந்தா அவர்கள் சுத்த சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கி, பிறகு பூச்சோங் சாலையிலே ஆறாவது மைலில் பிள்ளைகளுக்கு ஓர் இல்லமும் அமைத்தார். மங்களம் அம்மையார் இளம் பெண்ணாக அவரோடு வந்து சேர்ந்தார். 1961இலே சுவாமி மறைந்துவிட்டார். பொறுப்பு முழுவதும் அம்மையார் தலையிலே விழுந்தது. அப்போது அவருக்கு 35 வயது, ஏறக்குறைய இன்றைக்கு என் வயது. அந்த 35 வயதிலிருந்து, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 97 வயதிலே கண்மூடும் வரையிலே, அறுபது வருஷத்துக்கு மேல் அந்த இல்லத்தைத் தம் வீடாகக் கொண்டு வாழ்ந்தார். “தர்மா” என்ற இதழையும் நடத்தி வந்தார். டத்தின் படுகா பட்டம் கிடைத்தது. பட்டம் கிடைத்ததற்காக அவர் அந்த இல்லத்தை விட்டு வேறு பெரிய வீட்டுக்குப் போகவில்லை. தாம் பெறாத பிள்ளைகள் “மதர்” என்று கூப்பிட்டதற்குத்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

இன்னொருவரும் அதே 1926ஆம் ஆண்டிலேதான் பிறந்தார். மதர் மங்களம் பிறந்து ஒரு மாசத்துக்குள்ளே, ஜூன் மாதத்திலே, தமிழ்நாட்டிலே திண்டுக்கல் பக்கம் நிலமில்லாத கூலிக் குடும்பத்திலே பிறந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். ஒரு வேடிக்கை பாருங்கள். நம் தாத்தா பாட்டிகளில் பல பேரை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏற்றிவந்த ரஜூலா கப்பலையும் அதே 1926இலேதான் கட்டினார்கள்! கப்பல் 1974இலே உடைக்கப்பட்டுவிட்டது. கிருஷ்ணம்மாளோ அதற்கப்புறம்தான் தம் பெரிய வேலையையே தொடங்கினார்.

நாகப்பட்டினம் என்றதும் இங்கே சில பேர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். உங்கள் தாத்தா கப்பலேறிய இடம் அது. அவர் ஏன் கப்பலேறினார்? ஊரிலே உழுவதற்கு நிலம் இருந்தது, ஆனால் அவருடையதாக இல்லை. அந்தத் தஞ்சைச் சீமையிலே, கீழவெண்மணி என்ற கிராமத்திலே, 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி கொஞ்சம் கூட்டிக் கேட்ட தகராறிலே 44 பேரைக் குடிசையோடு எரித்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். செய்தியைக் கேட்ட கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் அந்தப் பகுதிக்கே போய், அந்த மக்களோடு தங்கி வேலை செய்தார்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். 1981ஆம் ஆண்டிலே அவர்கள் ‘உழுபவனின் நில உரிமை இயக்கம்’ என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். 1926இலிருந்து 1981 என்றால் எத்தனை? மாணவர்கள் சொல்லுங்கள்... ஆமாம், 55! நாம் சேமநிதிப் பணம் எடுக்கிற அதே வயது. நம் வீட்டிலே 55 வயது ஆனால் “இனி என்ன இருக்கு?” என்கிறோம். அந்த அம்மாள் அந்த வயதிலே நிலக்காரரிடம் விலை பேசி, வங்கியிலே கடன் ஏற்பாடு செய்து, வீட்டுக்கு ஓர் ஏக்கர் என்று நிலத்தை வாங்கிக் கொடுக்கக் கிளம்பினார். நிலத்தைப் பெண்கள் பேரிலே எழுதினார். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கள்ளுக்கடையைப் பார்த்த தோட்டத்துப் பெண்களுக்கு அது தானாகவே புரியும். இப்படிப் பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. கடற்கரையிலே இறால் பண்ணைகள் வந்து நெல் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, இருவரும் அதை எதிர்த்துப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கிலே 1996 டிசம்பரிலே இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. அப்போது கிருஷ்ணம்மாளுக்கு 70 வயது. 2004இலே சுனாமி வந்தபோது 78. 2008இலே சுவீடன் நாட்டிலே, மாற்று நோபல் பரிசு என்று பேர் பெற்ற ‘சரியான வாழ்வாதார’ விருதைக் கணவர் மனைவி இருவருக்கும் கொடுத்தார்கள். அப்போது 82. அதற்குப் பிறகும் மண் குடிசைகளைக் கல் வீடாக்கும் வேலையிலேயே இருந்தார். 2020இலே இந்திய அரசின் பத்ம பூஷண் விருதும் அவருக்குக் கிடைத்தது.

இந்த இடத்திலே நம் பெரியவர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. நம் நாட்டிலே தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்திலே, 1960இலே, துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாசம் பத்து வெள்ளி கட்டச் சொன்னார். அன்றைய கூலியிலே பத்து வெள்ளி என்பது சின்னக் காசு அல்ல. அந்தக் காசிலே வாங்கிய தோட்டங்களிலே நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்துக் கட்டிய பணம் அது. இங்கே பின்வரிசையிலே கைத்தடியோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் அந்தப் பங்குப் புத்தகத்தைத் தகரப் பெட்டியிலே வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

மூன்றாமவர் கண் டாக்டர். அவர் பிறந்தது 1918ஆம் ஆண்டு, அதுவும் இதே அக்டோபர் 1ஆம் நாள்! முதியோர் தினத்துக்கு இதைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா? டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்திலே வடமலாபுரம் என்ற கிராமத்து விவசாயி மகன். சென்னையிலே மருத்துவம் படித்து, ராணுவத்திலே டாக்டராகச் சேர்ந்தார். முப்பது வயது ஆவதற்குள்ளே முடக்குவாதம் வந்துவிட்டது. கை விரல்கள் கோணி, முறுக்கிக்கொண்டன. படுத்த படுக்கையாகக் கிடந்தார். பேனா பிடிக்க முடியவில்லை. பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அது இனி ஆகாது என்று தெரிந்து, கண் மருத்துவம் படித்தார். கோணிய விரலிலே அறுவைக் கத்தியைப் பிடிக்கத் தாமே பழகிக்கொண்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம் மரம் வெட்டும் தாய்மார்களின் விரல்கள்தான் நினைவுக்கு வரும். உளி பிடித்துப் பிடித்து நீட்ட முடியாமல் போன விரல்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனை!

அந்த விரல்களாலே அவர் வாழ்நாளிலே செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியிலே வேலை செய்து, 1976இலே ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு திண்ணையிலே உட்கார்ந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ வீட்டை அடமானம் வைத்து, தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு, பதினொரு கட்டிலோடு ஒரு கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பணம் இல்லாதவர்களுக்கும் அங்கே இடம் ஒதுக்கினார். அதுதான் இன்றைக்கு உலகமே அறிந்த அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து, டாக்டரின் வேலையிலே பாதியை அவர்களே செய்யும்படி வைத்தார்கள். கண்ணுக்குள்ளே வைக்கும் செயற்கை வில்லையை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்று, 1992இலே அரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே செய்து விலையைக் குறைத்துவிட்டார்கள்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. முதுமை கூடியபோது கத்தியைத் தம்பி தங்கை, மருமக்கள், அடுத்த தலைமுறை டாக்டர்கள் கையிலே கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டுக் கோபித்துக்கொண்டு வீட்டிலே உட்காரவும் இல்லை, பின்னாலே நின்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தார், நோயாளிகளோடு பேசினார், தம்மால் இயன்றதைச் செய்தார். 2006ஆம் ஆண்டு 87 வயதிலே மறைந்தார். பெரியவர்களே, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நம்மிலே சில பேருக்கு வேலையை விட மனசு வருகிறது, நாற்காலியை விட மனசு வருவதில்லை. கோவில் கமிட்டியிலும் சங்கத்திலும் முப்பது வருஷம் ஒரே ஆள் தலைவராக உட்கார்ந்து, இளைஞர்கள் பக்கத்திலே வந்தால் விரட்டுவதையும் பார்த்திருக்கிறேன். அதற்குத் தொண்டு என்று நான் பேர் வைக்கமாட்டேன். (கமிட்டிக்காரர்கள் கூட்டம் முடிந்த பிறகு என்னைத் திட்டிக்கொள்ளலாம்.)

இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “டீச்சர் சொல்லிட்டாங்க, சும்மா உட்காராதே” என்று வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் துணி மூட்டையைப் போட்டுவிடாதீர்கள்! சம்பளம் இல்லாத வேலைக்காரியாகப் பாட்டியை வைத்துக்கொள்ளும் வீடுகள் நம் தாமான்களிலே நிறைய இருக்கின்றன. விடிந்ததிலிருந்து அடைகிற வரையிலே சமையல், துவைப்பு, பேரப்பிள்ளை, இடையிலே ஏச்சு. என் பாட்டி ஏழு பிள்ளைகளுக்குத் தலை பின்னியது அவராக விரும்பி எடுத்துக்கொண்டது. முடியாத நாளிலே “இன்னைக்கு முடியலம்மா” என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமை இல்லாத இடத்திலே நடப்பது வேறு. அவர்களைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருங்கள், உடனே பதில் வராது. நம் பெரியவர்களை யாரும் கேட்டுப் பழக்கமில்லை. கங்காணி சொன்னார், மண்டோர் சொன்னார், மகன் சொன்னான், செய்தார்கள்.

இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன். காலையிலே ஆறே முக்காலுக்கு நான் வரும்போதே வாசல் படியிலே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்றோர் வேலைக்குப் போகிற வழியிலே இறக்கிவிட்டுப் போன பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள், வேறு வழி இல்லை. பாதிப் பிள்ளைகள் பசியாறாமல் வருகிறார்கள். மணி அடிக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். ஒன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் என் மேசையிலே தலையை வைத்துத் தூங்கிவிடுகிறான். எழுப்பினால், “பசிக்குது டீச்சர்” என்கிறான். அந்த நேரத்திலே நான் கரும்பலகை எழுதுவதா, கோப்பி போடுவதா?

ஆனால் இதே நேரத்திலே, இந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி இருக்கும் வீடுகளிலே, நாலு மணிக்கே எழுந்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியிலே உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நான் ஒருவரை அப்படி உட்கார வைத்தவள்.

தலைமையாசிரியரிடம் பேசி அனுமதி வாங்கியிருக்கிறேன். சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்திலே இருக்கும் சின்ன அறையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சுத்தம் செய்து தந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரைக்கும் இரண்டு மூன்று பெரியவர்கள் வந்து அங்கே இருந்தால் போதும். ரொட்டியும் கோப்பித் தூளும் சங்கச் செலவு. தலை பின்னத் தெரிந்தவர்கள் பின்னலாம், கதை சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லலாம். தாத்தாக்களும் வரலாம். மங்கு எப்படிக் கட்டுவது, ஒட்டுப்பால் எப்படி உரிப்பது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாடப் புத்தகத்திலும் இல்லை. ஒன்றும் பேசத் தோன்றவில்லை என்றால் பக்கத்திலே உட்கார்ந்திருந்தாலே பிள்ளைகளுக்குப் போதும்.

“நான் படிக்காதவ டீச்சர், பள்ளிக்கூடத்துல எனக்கு என்ன வேலை?” என்று போன வாரம் ஒரு பாட்டி கேட்டார். அவர் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். நான் பயிற்சிக் கல்லூரியிலே குழந்தை உளவியல் என்று ஒரு பாடம் படித்துப் பாஸ் பண்ணினேன். அழுகிற சத்தத்தைக் கேட்டுப் பசியா வம்பா என்று கண்டுபிடிக்க எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கண் சரியாகத் தெரியவில்லை என்று கூச்சப்பட்டு வீட்டிலேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புரை என்பது கண்ணுக்குள்ளே இருக்கும் வில்லை மங்கிப் போவது. அந்த மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைக்கிறார்கள். அறுவை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ளே முடிந்துவிடும், பலரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே இது நடக்கிறது. தவணை வாங்கவும் கூட்டிப்போகவும் ஆள் இல்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையிலே என் கார் சும்மாதான் நிற்கிறது. என் பாட்டியை நான் கூட்டிப் போகவில்லை.

பஸ் இல்லாத தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறவர்களை ஏற்றிவர நம் ஆசிரியர்கள் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வர முடியாத நாளிலே வரவேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் சிற்றுண்டிச்சாலை மேசையிலே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன். வருகிற செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு பேர் வேண்டும். எழுதத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். பேரைச் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன்.